களிம்பும் துருவும்

நாகூரிலிருந்து டிங்கர் பாய் வந்தபோது கையில் மூன்றே சாமான்தான் இருந்தது: ஒரு காந்தத் துண்டு, ஒரு சின்னச் சுத்தி, முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர். காபி போட்டு எடுத்துக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்குப் போவதற்குள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். காலிரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

“மேல பாக்கறவன் ஏமாறுவான் சார். அடியில பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும்.”

வண்டி 1965-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. நம் ஊருக்காக வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. 948 சிசி இஞ்சின். இரண்டே கதவு; பின் சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி, முட்டியை மடக்கி, மானத்தையும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பானெட் தனி மூடி கிடையாது. விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் பிளப்பதுபோல முன்னால் சாயும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இஞ்சின் வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். எங்கள் ஊர் சந்துகளுக்கென்றே செய்ததுபோல.

எங்கள் ஊர் வேதாரண்யம். அப்பா எல்.ஐ.எம். படித்த வைத்தியர். 1973-இல் தஞ்சாவூர் டாக்டர் ஒருவரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். தேத்தாகுடி, செம்போடை, கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று ராத்திரி பகல் பார்க்காமல் போய்வந்தார். பிரசவத்துக்குப் போகும்போது வண்டி, திரும்பி வரும்போது பூசணிக்காய் வண்டி. 1994-இல் அவர் காலமான பிறகு எட்டு வருடம் நான் ஓட்டினேன். 2002-இல் ஒரு மாருதி வாங்கினேன். ஹெரால்டை ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளப்பி, வடக்கு வீதியில் ஒரு சுற்று சுற்றி நிறுத்துவது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். நாலைந்து மாதம் நடந்தது. ஒரு ஞாயிறு பேட்டரி செத்திருந்தது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அதற்கப்புறம் உப்புக் காற்று வேலையைப் பார்த்தது. 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க நடந்து வந்த ஊர் இது. இங்கே துணி காயப்போட்டால் துணியிலும் உப்பு இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கொட்டகை ஓட்டை அள்ளிக்கொண்டு போனது. ஊரே கூரையில்லாமல் கிடந்தபோது காருக்கு யார் கூரை போடுவார்கள்? இரண்டு மழைக்காலம் வண்டி அப்படியே நனைந்தது.

இப்போது அண்ணன் சொல்கிறார், காயலான் கடைக்குப் போடு என்று. கடைக்காரர் வந்து பார்த்து 17,000 ரூபாய் சொல்லிவிட்டும் போயிருக்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை மகன், “மாமா, முழுசா ரெஸ்டோர் பண்ணிடலாம்” என்று ஒரு எஸ்டிமேட் வாங்கி அனுப்பினான்: நாலரை லட்சம். வண்டியை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, பழையதை எறிந்து, புதிதாகச் செய்து, அப்பா வைத்திருந்த அதே வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்துத் தருவார்களாம். ஓய்வூதியக்காரனுக்கு நாலரை லட்சம் பெரிய பணம்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தொகை இல்லை. அப்படிச் செய்து வருவது அப்பாவின் வண்டியாக இருக்குமா என்பதுதான்.

பாய் காந்தத்தைக் கதவோரமாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஒட்டிக்கொண்டு வந்தது ஓரிடத்தில் நழுவிக் கீழே விழுந்தது. “இங்க பட்டிதான் இருக்கு. தகரமே இல்ல.” முன்னமே யாரோ பட்டி வைத்து மெழுகியிருக்கிறார்கள், நினைவில்லை, நான்தான் செய்யச் சொல்லியிருப்பேன். பிறகு சுத்தி. நல்ல இடத்தில் தட்டினால் ணங் என்கிறது. கெட்ட இடத்தில் ஊறிய பலாச்சுளையைத் தட்டியதுபோல ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவர் பின்பக்க அவுட்ரிக்கருக்குள் கைப்பிடி வரை போனது.

ஹெரால்டின் உடம்பு ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. அடியில் இரட்டை முதுகெலும்புபோல ஒரு சேஸ். அதிலிருந்து விலா எலும்பாகப் பக்கத்துக்குப் பக்கம் அவுட்ரிக்கர்கள். அவற்றின்மேல் பாடியைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். கூரையைக்கூடக் கழற்றி எடுத்துவிடலாம். இது ஏதோ தத்துவம் யோசித்துச் செய்ததல்ல. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த பிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடி செய்து தர ஆளில்லை. அங்கங்கே சின்னத் துண்டுகளாகச் செய்து கோத்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். ஒரு வியாபாரப் போட்டியின் புண்ணியத்தில், பிரிக்கவும் சேர்க்கவும் தோதான வண்டி ஒன்று என் கொட்டகையில் நிற்கிறது. எது வண்டி, எது வண்டியின் பாகம் என்று கேட்க இதைவிட நல்ல வண்டி கிடையாது.

பாய் அடியிலிருந்து ஒரு குழாயை உருவி என்னிடம் நீட்டினார். பெட்ரோல் போகும் செம்புக் குழாய். முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்புக் கிளிப்பு அவர் விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தது. குழாயை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தேன். முதல் நாள் கடையில் வாங்கியதுபோல மின்னியது. உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்திரண்டு வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு இரண்டு வருடம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனேன். அங்கே முதல் மாதமே வரும் உவமை, செம்பும் களிம்பும். ஆணவ மலம் உயிரை எப்போது பற்றியது என்று கேட்டால், செம்பில் களிம்பு எப்போது பற்றியதோ அப்போது என்பார்கள். அதாவது அன்றே. நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. எனக்கு இதில் ஒரு வாத்தியார் சண்டை உண்டு. களிம்பு செம்புக்குள் இருப்பதில்லை; காற்றும் ஈரமும் பட்டுத்தான் வரும். இதை வகுப்பில் ஒரு தடவை எழுந்து சொல்லி எல்லோருடைய முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆசிரியர் மட்டும் சிரித்துவிட்டு, “பொன்னுக்கு ஏன் வருவதில்லை?” என்றார். அப்போது பதில் சொல்லவில்லை. காற்று எல்லோருக்கும் பொது. களிம்பேறுவது செம்பின் சுபாவம். அதைத்தான் அவர்கள் உடன்பிறந்தது என்கிறார்கள் என்பது இந்தக் குழாயைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

ஆனால் உறைத்தது இன்னொன்றும். நம் பெரியவர்கள் ஏன் இரும்பையும் துருவையும் உவமையாக எடுக்கவில்லை? ஊர் ஊராக இரும்பு உருக்கிய நாடு இது. கலப்பைக்கொழுவில் துரு ஏறுவதைப் பார்க்காத ஆள் கிடையாது. இருந்தும் செம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் என் மடியிலேயே கிடந்தது. களிம்பு செம்பின்மேல் படிந்து, மெல்லிய போர்வையாக நின்று, உள்ளே மேற்கொண்டு போகாமல் காக்கும். தேய்த்தால் அடியில் செம்பு முழுசாக இருக்கும். துரு அப்படியில்லை. இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்து, ஊதிப் புடைத்து, உதிர்ந்து, அடுத்த படலத்தைக் காற்றுக்குத் திறந்துவிடும். துருவைச் சுரண்டினால் அடியில் இரும்பு இருக்காது; ஓட்டைதான் இருக்கும். துரு இரும்பின்மேல் ஏறியிருக்கும் அழுக்கு இல்லை, இரும்பே அதுவாக ஆகியிருக்கிறது. உயிர் இரும்பாக இருந்தால் மலம் நீங்கும்போது உயிரும் கூடவே போய்விடும். சித்தாந்தத்தால் அதை ஒப்புக்கொள்ளவே முடியாது.

இன்னும் கேளுங்கள். இரும்பைப் பூமியிலிருந்து எடுக்கும்போது அது துருவின் உறவாகத்தான் கிடக்கிறது, ஆக்சைடு. உலையில் வைத்து, கரியைக் கொடுத்து, ஆக்சிஜனைப் பிடுங்கி எறிந்தால் கொஞ்ச காலம் இரும்பாக இருக்கும். விட்டால் ஊருக்குத் திரும்பிவிடும். உப்பு ஈரத்தில் செம்பு பக்கத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு இன்னும் சீக்கிரம் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிளிப்பு பொடியானதில் குழாய்க்கும் பங்குண்டு. பாயிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் கை துடைத்துக்கொண்டே, “மண்ணுக்குப் போறத நிறுத்த முடியாது சார். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். அதுக்குத்தான் எங்களுக்குக் கூலி” என்றார். இரண்டு வருட வகுப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அப்படியானால் ஓட்டைகளைத் தைத்து, தகடுகளை மாற்றி வருவது எந்த வண்டி? பௌத்தர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. மிலிந்த மன்னன் ரதத்தில் வந்திறங்கியபோது பிக்கு நாகசேனர் கேட்கிறார்: அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் ரதம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதை யோசித்தால் மறுக்க வாய் வராது. எங்கள் பக்கத்து நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்திலிருந்து பௌத்த விகாரம் இருந்தது. அதன் செங்கல் கோபுரம் ஒன்று பாழடைந்து நின்றுகொண்டே இருந்து, 1867-இல் இடிக்கப்பட்டது. அந்த மண்ணிலிருந்து முந்நூற்றுக்கு மேல் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. செம்பு கலந்தவை என்பதால் கிடைத்தன. கோபுரத்தைப் பழுதுபார்க்க யாருமில்லை, ஏனென்றால் அங்கே கும்பிட யாருமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது சாதாரணமாகத்தான் எழுதினேன். பிறகு அதிலேயே நின்றுவிட்டேன்.

அந்த வாக்கியத்துக்குத் திரும்புவதற்கு முன் சர்க்கார் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்காரும் ஒரு தத்துவவாதிதான். ஆர்.சி. புத்தகத்தைப் பொறுத்தவரை வண்டி என்பது இரண்டு எண்கள்: சேஸ் நம்பர், இஞ்சின் நம்பர். மற்றதெல்லாம் மாயை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி போட்டது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிலோ பாடியிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் விண்டேஜ் வண்டி என்று பதிவு கிடைக்கும். மருமகனுக்கு இதில் ஆசை. ஐம்பது வருடம் ஓடிய வண்டி எதிலும் பெரிதாகக் கை வைக்காமல் இருக்க வேண்டுமென்றால், அது ஓடியிருக்கக் கூடாது அல்லது சொந்தக்காரர் பொய் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நான் என்ன எழுதுவது?

எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தபோது பாலாலயம் பார்த்திருக்கிறேன். வேலை தொடங்குவதற்கு முன் சன்னிதியில் உள்ள சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, வெளியே ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். அதற்கப்புறம் கொத்தனார் உள்ளே போகலாம், சாரம் கட்டலாம், கல்லைப் பெயர்க்கலாம். பீடத்துக்கும் மூர்த்திக்கும் நடுவே கொம்பரக்கு, குங்குலியம், எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கை இடித்து வைக்கும் அஷ்டபந்தனமும் பன்னிரண்டு வருடத்தில் உதிர்ந்துபோகும். திரும்ப இடித்து வைப்பார்கள். ஸ்தபதிகளிடம் ஒரு கணக்கும் இருக்கிறது: விரலோ ஆயுதமோ பின்னமானால் சரிசெய்யலாம், பிரதான அங்கம் போனால் அந்தத் திருமேனியை நீரில் சேர்த்துவிட்டு வேறு செய்ய வேண்டும். பாய் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பதும் இந்தக் கணக்குத்தான். சேஸ் பிரதான அங்கம், அவுட்ரிக்கர் உபாங்கம்.

ஆனால் நான் கவனித்தது வேறு. அத்தனை இடிபாட்டுக்கு நடுவிலும் ஒரு வேளைப் பூசை நிற்கவில்லை. கல் மாறுகிறது, சுதை மாறுகிறது, வர்ணம் கண்ணை உறுத்துகிற அளவுக்கு மாறுகிறது. எங்கள் ஊர் சுவாமி மறைக்காடர் அதே மறைக்காடர்தான். யாரும் அதில் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. காலையில் திறந்து, மாலையில் விளக்கேற்றி, இரவில் சாத்துகிற அந்தத் தொடர்ச்சி அறுபடவில்லை.

கிரேக்கர்களின் தீசியஸ் கப்பலைப் பற்றிக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும். ஏதென்ஸ்காரர்கள் பலகை உளுக்க உளுக்கப் புதுப் பலகை போட்டார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்பது கேள்வி. பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற செய்தி ஒன்று உண்டு. அந்தக் கப்பல் காட்சிப்பொருள் அல்ல. வருடா வருடம் அப்போலோ வழிபாட்டுக்காக டெலோஸ் தீவுக்குப் போய்வந்த கப்பல் அது. அது போய்த் திரும்பும் வரை நகரத்தில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. அதனால்தான் தீர்ப்பான பிறகும் சாக்ரடீஸ் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் காத்திருந்தார். அந்த மாதத்தில் அவரிடம் போய், இது உண்மையில் தீசியஸின் கப்பல்தானா என்று யாராவது கேட்டிருந்தால், காற்று எதிராக அடிக்கிறவரை அதேதான் என்று சொல்லியிருப்பார். கடலில் போய்வந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் எழுந்தது.

என் கேள்வி எப்போது எழுந்தது என்று பார்த்தேன். அப்பா காலத்தில் டயர், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஒரு தடவை முன் கண்ணாடி, எல்லாம் மாறியிருக்கின்றன. இஞ்சினுக்கு இரண்டு முறை போர் அடித்து வேறு பிஸ்டன் போட்டார். இது இன்னும் நம் வண்டிதானா என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நான் பேட்டரியை அடுத்த மாதத்துக்குத் தள்ளியபோது வண்டியில் கண்ணுக்குத் தெரிந்து துருவே கிடையாது. அறுந்தது அன்றைக்கு. உப்புக் காற்றும் கஜாவும் பிறகு வந்து, அறுந்ததை நான் பார்க்கும்படி செய்தன, அவ்வளவுதான். செத்த பேட்டரியை எடுக்கக்கூட இல்லை நான். அது இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தட்டிலேயே இருந்து, அமிலம் கசிந்து, தட்டைத் தின்று, அடியிலிருந்த பல்க்ஹெட்டையும் கொஞ்சம் தின்றிருக்கிறது. காற்றின்மேல் போட்ட பழியில் ஒரு பங்கை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அதனால் நாலரை லட்சத்துப் புதுப்பிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். முழுசாகக் கழற்றி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றி, வெண்ணெய் நிறம் பூசி வாசலில் நிறுத்தினால் அது அழகாகத்தான் இருக்கும். இருபது வருடம் நான் செய்யாததை ஒரு செக் எழுதி மறைத்ததாகவும் இருக்கும். கதவில் இருந்த பட்டிபோலத்தான் அதுவும். காயலான் கடைக்கும் போடப்போவதில்லை. சேஸின் இரண்டு நடுத் தண்டும் ணங் என்று சொல்கின்றன. பாய் நாலு இடத்தில் தட்டிக் காட்டினார், பிறகு சுத்தியை என்னிடமே கொடுத்தார். அந்தச் சத்தம் வராமல் இருந்திருந்தால் 17,000 ரூபாயை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஸ்தபதி கணக்கை மீற எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நாலு பிளக் ஓட்டையிலும் டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டு, ஸ்பேனர் போட்டுத் திருப்பினோம். முதலில் அசையவில்லை. பிறகு பெருமூச்சு விட்டதுபோல ஒரு கால் சுற்று சுற்றியது.

இப்போதைக்கு வேலை இவ்வளவுதான்: பின்பக்க அவுட்ரிக்கர் இரண்டும் 16 கேஜ் தகட்டில் புதிதாக, இடப்பக்க ஃப்ளோர், பிரேக் குழாய் முழுக்க, வீல் சிலிண்டர் நாலும். வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு பைப்பை வெல்டு வைத்துத்தான் பாய் வேலையைத் தொடங்கினார். இல்லாவிட்டால் பாடி உட்கார்ந்துபோய்ப் பிறகு கதவு சேராதாம். பெயிண்ட் கிடையாது. பிளந்த சீட்டு பிளந்தபடியே இருக்கும். மற்றது அந்தந்த வருடத்துக்கு அந்தந்தப் பலகை. விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. பழைய பதிவிலேயே எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிற்பேன், ஆபீசில் எத்தனை தடவை திருப்பி அனுப்புவார்களோ பார்ப்போம். டிரைவர் பக்கக் கதவு மட்டும் இன்னும் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறது. அப்பர் பத்துப் பாட்டுக்கு மேல் பாடித்தான் எங்கள் ஊர்க் கோயில் கதவே திறந்தது என்று பாயிடம் சொன்னேன். “எனக்கு ரெண்டு நாள் குடுங்க, பாட்டு வேணாம்” என்றார்.

அண்ணனுக்கு இன்னும் கோபம். “துருப்புடிச்ச தகரத்துக்கு வேதாந்தம் பேசறான்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தாந்தம் என்று திருத்தினேன்; கோபம் அதிகமாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் போய்ப் பேட்டரி வாங்கிவந்தேன். 4,300 ரூபாய். பழையதைக் கொடுத்ததற்கு 400 ரூபாய் கழித்துக்கொண்டார்கள்.